ஆளில்லாத பாட்டு

1802 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உல்ஸ்வாட்டர் என்ற ஏரி. காற்றுப் பலமாக அடித்த அன்றைக்கு அதன் கரையோரம் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த், மற்றவர் அவருடைய தங்கை டொரதி. வழியில் டஃபடில் பூக்கள் கரை நீளத்துக்குப் பூத்துக் கிடந்தன. அவை எப்படிக் கிடந்தன, காற்றுக்கு எப்படி ஆடின என்று டொரதி தன் நாட்குறிப்பில் நுணுக்கமாக எழுதி வைத்தாள். இரண்டு வருடம் கழித்து அண்ணன் அதைப் பாட்டாக்கினார். அந்தப் பாட்டில் ஒரேயொருவர்தான் நடக்கிறார், தன்னந்தனியாக. தங்கையைக் காணோம்.

அதோடு முடியவில்லை. அந்தப் பாட்டின் மிகச் சிறந்த இரண்டு அடிகள் மனைவி மேரி சொன்னவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, பூவைக் குறித்து வைத்தது ஒரு பெண், அடி எடுத்துக் கொடுத்தது இன்னொரு பெண், தனியாக உலாவப் போனது கவிஞர்.

பழைய ஆங்கில வகுப்புகளில் இந்தப் பாட்டை மனப்பாடம் செய்யாமல் தப்பியவர்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் குறைவு. பங்குனி வெயிலில் வல்லை வெளியைச் சைக்கிளில் தாண்டி நெல்லியடிக்கு வருகிறவனுக்கு, ஏரிக்கரையில் ஆயிரமாயிரமாக ஆடும் மஞ்சள் பூவை மனக்கண்ணில் கொண்டுவர எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும்! ஆனாலும் படித்தோம், பிடித்தும் இருந்தது. தமிழ்நாட்டில் அவர் பெயர் ஒரு பட்டமாகவே புழங்கியது. புதுவைக் கவிஞர் வாணிதாசனை (1915–1974) ‘தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்’ என்றார்கள். இப்படிப் பட்டம் கொடுப்பதால் இருவருக்கும் நன்மையில்லை என்பது என் எண்ணம். இயற்கைக் கவிஞர் என்ற முத்திரை குத்தியதும் பூவும் குருவியும் நிலவும் மட்டும் மிஞ்சிவிடுகின்றன.

சின்னப் பையன் வேர்ட்ஸ்வொர்த்துக்கு இயற்கை பெரும்பாலும் பயம்தான். ஒரு மாலை அவன் இதே உல்ஸ்வாட்டர் ஏரியில் யாருடையதோ ஒரு படகைக் கேளாமல் அவிழ்த்துக்கொண்டு போனான். கரையிலிருந்து விலக விலக, முன்னால் நின்ற குன்றின் பின்னாலிருந்து இன்னொரு பெரிய கரிய மலைமுகடு எழுந்துகொண்டே வந்தது. அது உயிருள்ளது போலத் தன்னைத் துரத்துவதாகத் தோன்ற, நடுநடுங்கிப் படகைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டிவிட்டு ஓடினான். அதன் பிறகு பல நாள் அவன் நினைவில் மரமும் வயலும் வரவில்லை, பெயர் சொல்ல முடியாத பெரிய உருவங்கள்தான் வந்தன. ‘பிரிலூட்’ என்ற தன்வரலாற்று நெடும்பாட்டில் இதைச் சொல்லியிருக்கிறார். இருட்டுப்பட்ட பிறகு வல்லை முனியப்பர் கோயிலடியைத் தனியே கடந்த எந்தப் பையனுக்கும் இதில் ஒரு வரியும் விளக்கத் தேவையில்லை. வயது வந்தபின் அதே இடத்தில் காரை நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகிறோம். பயம் போய்விட்டது. போனதற்கு நாங்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேர்ட்ஸ்வொர்த் கவலைப்பட்டார். அவருடைய தனித்தன்மை அங்கேதான் தொடங்குகிறது.

73 வயதில், 1843இல், இசபெல்லா ஃபென்விக் என்ற சிநேகிதிக்குத் தன் பாட்டுகள் பிறந்த கதையை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவித்தார். அதில் ஒரு செய்தி: பள்ளிக்கூடம் போகும் வழியில் உலகம் முழுவதும் தன் மனசுக்குள்தான் இருக்கிறது, வெளியே ஒன்றுமில்லை என்ற எண்ணம் சிறுவயதில் அவருக்கு அடிக்கடி வந்துவிடுமாம். அப்போதெல்லாம் நின்று ஒரு மதிலையோ மரத்தையோ கையால் பிடித்துப் பார்த்து, உலகம் இருப்பதை உறுதிசெய்துகொண்டுதான் நடப்பாராம். முதுமையில் அவருடைய குறை நேரெதிராகிவிட்டது. மதில் எப்போது பார்த்தாலும் மதிலாகவே நின்றது.

இந்தக் குறையைப் பற்றிய பாட்டைத்தான் ‘அமரத்துவ ஓட்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பதினொரு பகுதிகள். முதல் நாலும் 1802 மார்ச் 27இல் தொடங்கியவை, மிச்சம் 1804இல் முடிந்தது, 1807இல் நூலில் வந்தது. அதன் சாரம் இது: குழந்தை வேறெங்கிருந்தோ ஓர் ஒளியைக் கூட்டிக்கொண்டு பூமிக்கு வருகிறது. வளர வளர அந்த ஒளி மங்குகிறது. கடைசியில் எல்லாரும் காணும் வெறும் பகல் வெளிச்சமாகிப் போகிறது. இதில் யாருக்கும் பழியில்லை. பூமி ஒரு வளர்ப்புத்தாய், வந்த பிள்ளையை அன்போடு வளர்த்து, வந்த இடத்தை மறக்கச் செய்கிறாள். எஞ்சியிருக்கும் நினைவில் பலம் தேடிக்கொள்வதுதான் மனிதனுக்கு வழி.

அழகான பாட்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. உம்முடைய குழந்தைப் பருவம் உண்மையில் இப்படித் தானாகத்தான் மங்கிப்போனதா, ஐயா?

1770 ஏப்ரல் 7இல் கொக்கர்மவுத் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இரண்டாமவர். 1778 மார்ச்சில் தாய் இறந்தாள், அவருக்கு எட்டு வயது நிரம்ப ஒரு மாதம் இருந்தது. ஆறு வயது டொரதியைத் தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணனும் தங்கையும் மறுபடி சேர்ந்திருக்க ஒன்பது வருடம் ஆனது. 1779இல் இவர் ஹோக்ஸ்ஹெட் பள்ளிக்குப் போனார். அங்கே தங்கிய வீட்டுக்காரி ஆன் டைசன் தாய்போலப் பார்த்துக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1783 நத்தார் விடுமுறை. வீட்டுக்குக் கூட்டிப்போகக் குதிரைகள் வரும் என்று பையன் ஒரு பாறையில் ஏறி இரண்டு தெருக்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடுபனி. பக்கத்தில் ஒற்றை ஆடு, இலையுதிர்ந்த ஒரு முள்மரம். குதிரைகள் வந்தன, வீட்டுக்குப் போனான். சில நாட்களில் தகப்பன் இறந்துபோனார். விடுமுறைக்காக அவ்வளவு ஆசைப்பட்டதற்குக் கிடைத்த தண்டனை இது என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பையன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்கும் பிள்ளைகளை எங்களுக்கும் தெரியும். ‘நான் அன்றைக்குக் கடைக்குப் போகச் சொல்லாமல் இருந்திருந்தால்’ என்று நாற்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து நடந்ததைக் கவிதைகளில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. தகப்பன் ஜோன் வேர்ட்ஸ்வொர்த் சேர் ஜேம்ஸ் லோதர் என்ற பெரும் நிலப்பிரபுவின் சட்ட முகவர். இருந்த வீடு பிரபுவுடைய வீடு. எனவே தகப்பன் போனதும் வீடும் போனது. பிரபு தகப்பனாருக்குக் கொடுக்க வேண்டியிருந்த பணம் 4,000 பவுணுக்கு மேல். அந்தக் காலத்தில் ஐந்து பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கப் போதுமான தொகை. பிரபு கொடுக்கவில்லை. வழக்குப் போட்டும் பயனில்லை. 1784இல் அவர் லொன்ஸ்டேல் பிரபுவாகப் பட்டமும் பெற்றுக்கொண்டார். பிள்ளைகள் பென்றித் ஊரில் தாய்வழிப் பாட்டன் வீட்டிலும் மாமனின் பொறுப்பிலும் ஒண்டிக்கொண்டு வளர்ந்தார்கள். அந்த வீட்டில் வேலைக்காரர்கூடத் தங்களை இளக்காரமாக நடத்துவதை டொரதி 1787இல் கடிதங்களில் எழுதி அழுதிருக்கிறாள். கடன் தீர வழி பிறந்தது பிரபு செத்த பிறகுதான். அவர் செத்தது 1802 மே 24இல்.

தேதியைக் கவனியுங்கள். ஒளி எங்கே போயிற்று என்று கவிஞர் ஓடில் கேட்டது அதே வருடம் மார்ச் கடைசியில். கேட்ட அன்றைக்கு அவருடைய இளமையைக் கஷ்டத்தில் தள்ளிய மனிதர் உயிரோடு சொகுசாக இருந்தார், பணமும் அவர் பெட்டியில் இருந்தது. பாட்டில் அவர் இல்லை. பென்றித் மாமன் இல்லை. தாயும் தகப்பனும்கூட இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் பூமி என்ற வளர்ப்புத்தாய் இருக்கிறாள், அவள் செய்வதெல்லாம் அன்பினால் செய்வது.

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லவில்லை. ஆட்களை எடுத்துவிட்டுப் பாடியதால்தான் அந்தப் பாட்டு எல்லாருக்கும் பொருந்துகிறது. உங்கள் பெற்றோர் நூறு வயது வரை இருந்தாலும் அதை உங்கள் பாட்டாகப் படிக்கலாம். ஆனால் அந்தப் பொருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. பறிபோனதும் உதிர்ந்துபோனதும் ஒன்றாகிவிடுகின்றன.

முதல் நாலு பகுதியோடு நின்ற பாட்டு மீண்டும் நகர இரண்டு வருடம் எடுத்தது. நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1792இல் பிரான்சில் இருந்தபோது அனெட் வலோன் என்ற பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டு அந்த டிசம்பரில் கரோலின் என்ற மகள் பிறந்தாள். கையில் காசில்லாமல் அந்த வருட முடிவில் அவர் ஊர் திரும்பினார், மகளைக் காணாமலே. 1793இல் இரண்டு நாடுகளுக்கும் யுத்தம் தொடங்கிப் பாதை மூடிவிட்டது. 1802 மார்ச்சில் சமாதான ஒப்பந்தம். பாதை திறப்பது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தாருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதற்குச் சரியாக இருநூறு வருடம் கழித்து, 2002இல் ஏ9 வீதி திறந்தபோது, வருடக்கணக்காகக் காணாத பிள்ளையைக் காண வந்த தகப்பன்மாரை முகமாலையில் பார்த்திருக்கிறோம். வேர்ட்ஸ்வொர்த் அந்த ஓகஸ்ட்டில் டொரதியையும் கூட்டிக்கொண்டு கலே துறைமுகத்துக்குப் போய் ஒன்பது வயது மகளை முதன்முதலாகப் பார்த்தார். ஒரு மாதம் கடற்கரையில் கூட நடந்தார். பிறகு திரும்பி வந்து ஒக்டோபர் 4இல் மேரியைக் கலியாணம் முடித்தார். கலே கடற்கரையில் நடந்த பிள்ளையைப் பற்றி ஒரு சொனெற் இருக்கிறது. அதில் அவள் தன் மகள் என்ற செய்தி இல்லை.

குழந்தைப் பருவத்தின் ஒளியைப் பற்றி இங்கிலாந்தில் யாரும் எழுதாத அளவுக்கு எழுதிய மனிதர், தன் முதல் குழந்தையின் முதல் ஒன்பது வருடத்தில் ஒரு நாளையும் கண்டதில்லை. அதற்கு அவர் பாதிக் காரணம், யுத்தம் பாதிக் காரணம். ஓடில் இரண்டும் இல்லை.

ஓடில் ஓர் ஆறு வயதுப் பிள்ளை வருகிறான். பெரியவர்கள் செய்வதையெல்லாம் செய்து விளையாடுகிறான்: கலியாணம், செத்தவீடு, கடைவியாபாரம். உனக்கு என்ன அவசரம், பாரம் தானாக வரும்தானே என்று கவிஞர் அவனைப் பார்த்து ஏங்குகிறார். அந்தப் பிள்ளையின் சாயல் நண்பர் கோல்ரிட்ஜின் மகன் ஹாட்லியுடையது என்று பலரும் கருதுகிறார்கள். ஆறு வயது ஹாட்லிக்கென்றே 1802இல் அவர் தனிப்பாட்டும் எழுதியிருக்கிறார். (பருத்தித்துறைக்காரர் துள்ளி எழ வேண்டாம். ஹாட்லிக் கல்லூரிக்கும் இந்தப் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. 1838இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு 1916இல் மார்ஷல் ஹாட்லி பாதிரியாரின் பெயர் வைக்கப்பட்டது.) இந்த ஹாட்லி பெரியவனாகி ஒக்ஸ்ஃபோர்ட்டில் கிடைத்த பதவியை 1820இல் குடியால் இழந்து, கிராஸ்மியர் பக்கம் திரும்பி வந்து, குடும்பம் குட்டி இல்லாமல், ஊராருக்குச் செல்லப்பிள்ளையாகவே காலத்தைக் கழித்து 1849 ஜனவரியில் இறந்தார். குழந்தையாகவே இருந்துவிடக் கூடாதா என்று பாடப்பட்டவர் ஏறக்குறைய அப்படியே இருந்துவிட்டார், அது ஒன்றும் பார்க்க இனிமையாக இருக்கவில்லை. அவருக்குப் புதைகுழி இடம் காட்டியவர் 78 வயது வேர்ட்ஸ்வொர்த்.

ஆறு வயதுப் பிள்ளைக்காக ஏங்கியவர் பள்ளிக்கூட விஷயத்தில் என்ன செய்தார் என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பாக வந்தார். அங்கே ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன் இல்லத்தில் கொண்டுவந்து, மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பரப்பியவர்களில் வேர்ட்ஸ்வொர்த் ஒருவர். 1811 வாக்கில் கிராஸ்மியர் ஊர்ப் பள்ளியில் தானே போய்ப் படிப்பித்தார். எங்கள் திண்ணைப் பள்ளியின் மணல் எழுத்து இப்படிச் சுற்றி ஏரிக்கரைக் கவிஞரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பெல் கொண்டுபோனது மணலை மட்டும் அல்ல. வரிசை, தரவரிசை, ஏறுதல் இறங்குதல், போட்டி எல்லாம் அந்த முறைக்குள் இருந்தன. பின்னாளில் வேர்ட்ஸ்வொர்த்துக்கு அதன்மேல் இருந்த பற்று விட்டுப்போனது.

மணல் எங்களை விட்டுப் போய்விட்டது, தரவரிசை திரும்பி வந்துவிட்டது. நெல்லியடிச் சந்தியில் விடிகாலை ஆறரைக்கு நின்று பாருங்கள். ரியூசன் கொட்டில்களை நோக்கி மோட்டார்சைக்கிளின் முன்பக்கத்தில் அரை நித்திரையோடு பிள்ளைகள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயது. வெட்டுப்புள்ளி என்ற சொல் அந்த வயதிலேயே வாயில் புழங்குகிறது. சென்ற மாதம் ஒரு கொட்டில் வாசலில் பார்த்தேன்: பிள்ளை மாதிரி வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வேலிக் கதியாலில் ஊர்ந்த மசுக்குட்டியை அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தாய் தோளில் தட்டி உள்ளே அனுப்பினாள். தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று தரம் இடம்பெயர்ந்து எல்லாம் இழந்த குடும்பத்துக்குக் கையில் மிஞ்சியது படிப்பு ஒன்றுதான்.

ஒருவரைப் பற்றிக் குறை சொன்னால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சுட்டிக் காட்டவும் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் தெரியும். 1814இல் வந்த ‘எக்ஸ்கேர்ஷன்’ என்ற நெடும்பாட்டின் எட்டாம் புத்தகத்தில், இரவுபகலாக ஓடும் பஞ்சாலைகளில் வேலைசெய்து வாடும் பிள்ளைகளைக் காட்டி அந்த ஆலைகளைக் கண்டிக்கிறார். தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதும்போதுதான் அவருக்கு நா எழவில்லை.

நெல்லியடியில் இருந்துகொண்டு இந்தப் பாட்டை வெறும் பாட்டாகப் படிக்க முடியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே குழந்தைப் பருவம் போனதற்குத் தேதி உண்டு. 1987 மே 26இல் வடமராட்சியில் இராணுவத்தின் ‘ஒபரேஷன் லிபரேஷன்’ தொடங்கியது. கோயில்களில் ஒதுங்கியவர்கள்மேலும் ஷெல் விழுந்தது, அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலை யாரும் மறக்கவில்லை. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் ஆமி முகாமானது. ஜூலை 5 இரவு, விடுதலைப் புலிகளின் மில்லர் வெடிமருந்து நிரப்பிய லொறியை அந்தக் கட்டடத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார். கரும்புலித் தாக்குதல்களில் முதலாவது அது. ஓட்டியவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், 21 வயது. பள்ளிக்கூடம் முகாமாகி, பின் இடிபாடாகி, பின் மறுபடி பள்ளிக்கூடமானது. அன்றைக்கு அங்கே மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் போய், ஒளி தானாக மங்கும், வளர்ந்தால் அப்படித்தான் என்று சொன்னால் என்ன சொல்லும்?

ஆனால் இதே மனிதர் 1798இல் எழுதிய இன்னொரு பாட்டு இருக்கிறது. ஓடைவிட அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ‘நாங்கள் ஏழு பேர்’ என்பது அதன் பெயர். 1793இல் குட்ரிச் கோட்டைப் பக்கம் நடந்துபோனபோது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சந்தித்துக் கதைத்தார். ஐந்து வருடம் கழித்து அதைப் பாட்டாக எழுதினார். கடைசி அடியைத்தான் முதலில் எழுதினாராம், தொடக்கத்தைக் கோல்ரிட்ஜ் போட்டுக் கொடுத்தாராம். உடன்பிறந்தார் எத்தனை என்று கேட்கிறார். ஏழு என்கிறாள். இருவர் வெளியூரில், இருவர் கடலில், இருவர் வீட்டுப் பக்கத்து மயானத்தில், தான் ஒருத்தி. செத்தவர்களைக் கழித்தால் ஐந்து அல்லவா என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கணக்குச் சொல்கிறார். அவள் விடவில்லை. புதைகுழி அருகில் இருந்து தைக்கிறாள், பின்னேரம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே சாப்பிடுகிறாள். ஏழு என்றால் ஏழுதான்.

இதில் ஆட்கள் இருக்கிறார்கள். கவிஞர்கூட இருக்கிறார், தோற்றுப்போகும் ஆளாக.

எங்கள் பகுதியில் பதிவுக்கு வந்த ஒரு விதானையாரும் இப்படித் தோற்றதை நேரில் கண்டேன். படலையடியில் நின்றபடி கேட்டார்.

“எத்தனை பிள்ளையள் அம்மா?”

“அஞ்சு.”

“இதில மூண்டு பேரெல்லோ கிடக்கு?”

“அது உங்கட பதிவு, தம்பி. எனக்கு அஞ்சு.”

அவர் இளம் பெடியன். மறுபேச்சுப் பேசாமல் மூன்று என்று எழுதிக்கொண்டு போனார். வேறு என்ன செய்வார், படிவத்தில் இடமில்லை. அம்மா படலையைச் சாத்திவிட்டு வந்து ஐந்து பேரின் பெயரையும், பிறந்த மாதத்தோடும் நட்சத்திரத்தோடும், யாரும் கேளாமலே எனக்குச் சொன்னார்.

1812இல் வேர்ட்ஸ்வொர்த்தும் அந்தக் கணக்குக்கு வந்தார். ஜூனில் மூன்று வயது மகள் கதரின், டிசம்பரில் ஆறு வயது மகன் தோமஸ். மேரிக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் இரண்டு போயின. 1841இல், எழுபது கடந்த பிறகு, குட்ரிச் கோட்டைக்கு மறுபடி போனார். அந்தச் சிறுமியைப் பற்றி அயலில் விசாரிக்க ஆசை. முடியவில்லை. அவள் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். நாவலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) வட்டுக்கோட்டையில் வாத்தியாராக இருந்தவர். ‘தங்கத் தாத்தா’ என்று ஊர் அழைத்தது. ‘சிறுவர் செந்தமிழ்’ அவருடைய பிள்ளைப் பாட்டுகளின் தொகுப்பு. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினார், பனைக்கென்று ‘தாலவிலாசம்’ பாடினார். ஆடிப்பிறப்புப் பாட்டு யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதில் ஒளி மங்குவதில்லை. மங்க இடமேயில்லை, ஏனென்றால் ஆடி வருடாவருடம் வரும். நாளைக்கு விடுமுறை என்று கூட்டாளிகளைக் கூப்பிடுகிறது பாட்டு. பயறும் மாவும் தேங்காயும் பனங்கட்டியும் சேர்கின்றன. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கிக்கொண்டு வந்து கோலிப் பிடிக்கிறார்கள், தாய் அகப்பையால் அள்ளி வார்க்கிறாள்.

இன்றைக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்ச் சங்கங்கள் ஆடிப்பிறப்புக் கொண்டாடும்போது இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். மேடையில் நிற்கும் சிறுவர்கள் சிரித்துக்கொண்டு பாடுகிறார்கள். கீழே இருக்கும் அறுபது வயதுக்காரர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். பாட்டில் ஒரு சொட்டுத் துக்கம் கிடையாது. பிறகு ஏன்? ஊர் நினைப்பு என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் ஊர் நினைப்புக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரியும் மலையும் போதும். புலவரின் பாட்டில் ஆட்கள் நிற்கிறார்கள். கூப்பிட்டதும் வரவேண்டிய கூட்டாளிகள், அகப்பை பிடித்த கை, பலா நின்ற வளவு. பாடுகிறவர் ஒவ்வொரு அடியிலும் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, சிலர் வருவதில்லை. ஒரு சொல்லும் மாறாமல் பிள்ளைப் பாட்டு இரங்கற்பாவாகிவிட்டது. எழுதியவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்க நியாயமில்லை. அவர் 1953இல் போய்விட்டார். தனிச் சிங்களச் சட்டம் 1956இல், தமிழருக்கு எதிராக நாடு தழுவிய முதல் கலவரம் 1958இல்.

வேர்ட்ஸ்வொர்த் தன் துக்கத்தை எழுதும்போது ஆட்களை வெளியே அனுப்பினார். புலவர் சந்தோசத்தை எழுதும்போது எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். ஓடைப் படிக்கும்போது எனக்கு மனம் உயர்ந்து போகிறது. ஆடிப்பிறப்பைப் படிக்கும்போது ஆட்களைத் தேடுகிறேன்.

அடுத்த கிழமை அளவெட்டிக்குப் போகிறோம். 1927இல் அங்கே பிறந்த து. உருத்திரமூர்த்தி என்ற மஹாகவி, யாழ்ப்பாணத்துக் கிராமத்தை ரசித்ததோடு நிற்காமல் அதில் யார் தேர் வடம் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்ற சண்டையையும் பாட்டில் கொண்டுவந்தவர்.

(தொடரும்)